புளூபெர்ரியைப் போல நாவலையும் களாவையும் சேமிக்க முடியுமா?

கேள்வி: கடந்த ஆகஸ்டில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, காட்டு புளூபெர்ரி பறிக்க என்னை அழைத்துச் சென்றார்கள். அன்று பறித்த பழத்தை ஃப்ரீசரில் வைத்துப் பனிக்காலம் முடியும்வரை உண்டதாக மகள் பிறகு தொலைபேசியில் சொன்னாள். இந்த ஆனி மாதம் கடலூர் கேப்பர் மலைப் பக்கம் உறவினர் தோப்பில் நாவற்பழமும் களாப்பழமும் பறித்து வந்தேன். நன்றாகக் கழுவி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். நான்காம் நாளே நாவலில் பூஞ்சை பிடித்துவிட்டது. களா இன்னும் கெடவில்லை. நான் செய்த தவறு என்ன? புளூபெர்ரி நம் பக்கத்தில் எங்காவது கிடைக்குமா? – புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி.

பதில்: கழுவியது ஒரு தவறு, ஈரத்தோடு மூடி வைத்தது அதைவிடப் பெரிய தவறு. இவ்விரண்டையும் புளூபெர்ரிக்குச் செய்திருந்தால் அதுவும் கெட்டிருக்கும். ஆனால் இவற்றைத் தவிர்த்திருந்தாலும் நாவல் உங்களிடம் ஒரு வாரத்துக்கு மேல் நல்ல நிலையில் இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். காயம் படாமல் பறிப்பது, ஈரமில்லாமல் விரைவில் குளிர்விப்பது என்ற இரண்டு விதிகள்தாம் அங்கிருந்து இங்கே அப்படியே பொருந்துபவை. அதற்கு மேல் நாவலுக்கு ஒரு வழி, களாவுக்கு வேறொரு வழி. உங்கள் மகள் வீட்டு முறையை இங்கே செய்து பார்க்க விரும்பினால் அதற்கு ஏற்ற பழம் நாவல் அன்று, களாதான்.

நீங்கள் பறித்த காட்டு புளூபெர்ரி கணுக்கால் உயரத்திலிருந்து முழங்கால் உயரம்வரை வளரும் குறுஞ்செடியில் காய்ப்பது. கடைகளில் பெரிய மணிகளாக விற்கும் தோட்டத்து புளூபெர்ரி வேறு இனம். அது ஆளுயரத்துக்கு வளரும் செடி. காட்டுச் செடியை யாரும் நடுவதில்லை. மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளால் அது தானாகவே பரவுகிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலும் கனடாவின் கிழக்கு மாகாணங்களிலும் உழவர்கள் அந்த நிலத்தை ஓராண்டு தரையோடு வெட்டிவிடுவார்கள் அல்லது தீயிட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டு புதிய தண்டில் பழம் வரும். ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை அறுவடை நடக்கும். சீப்பைப் போன்ற பற்களுள்ள முறம் ஒன்றால் வாரி எடுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விளைச்சலில் மிகப் பெரும்பகுதி பறித்த அன்றோ மறுநாளோ தொழிற்சாலைகளில் உறைய வைக்கப்படுகிறது. பச்சையாக விற்பனைக்கு வருவது மிகக் குறைவு. அந்தப் பழத்தின் பெயர் ஆண்டு முழுவதும் புழங்குவதற்குக் காரணம் அதன் ஆயுள் அன்று, பறிப்புக்கும் உறைதலுக்கும் இடையே விடப்படும் நேரம் அவ்வளவு குறைவு என்பதுதான்.

கைபடாத புளூபெர்ரியின் மேல் நீறு பூத்ததுபோல் சாம்பல் நிறப் படலம் ஒன்று இருக்கும். அது தூசி அன்று. பழம் தானே சுரக்கும் மெழுகு. உள்ளிருக்கும் நீர் வற்றாமலும் வெளியீரம் தோலில் தங்காமலும் காப்பது அதுவே. விரலால் தேய்த்தால் படலம் போய்ப் பழம் கருநீலமாகப் பளபளக்கும். கழுவும்போது மெழுகில் ஒரு பகுதி போகிறது. காம்பு கழன்ற சிறு குழியில் நீர் தங்குகிறது. பூஞ்சைக்கு வேறெதுவும் தேவையில்லை. ஆகவேதான் அங்கே பழத்தைக் கழுவாமல், இலை, தண்டு, நசுங்கிய பழம் ஆகியவற்றை மட்டும் பொறுக்கிவிட்டு வைக்கிறார்கள். உறைய வைப்பதற்கும் இதே விதிதான். கழுவி உறைய வைத்த புளூபெர்ரியின் தோல் தடித்துப்போகும்; ஈரம் பனிக்கட்டியாகி மணிகள் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பழத்தைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறைய வைத்து, கல்லைப்போல் ஆன பிறகு பையில் கட்டினால், ஒரு கை பழம் வேண்டும்போது ஒரு கை மட்டும் எடுக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸில் அது 10 முதல் 12 மாதங்கள்வரை நன்றாக இருக்கும். உண்ணும் முன் கழுவினால் போதும்.

அந்தச் செடி நம் பக்கத்தில் வளராது. அதற்கு அமிலத்தன்மை மிகுந்த மண்ணும், பூமொட்டு விழிப்பதற்கு நீண்ட கடுங்குளிரும் தேவை. கேப்பர் மலையின் செம்மண்ணைப் பார்த்து நம்பிக்கை வைத்துச் செடி வாங்கியவர்களுக்கும் நான் இதையே சொல்கிறேன். மண்ணை எப்படியாவது மாற்றினாலும் மார்கழிக் குளிரை நோவா ஸ்கோஷியாவின் குளிராக மாற்ற இயலாது. புளூபெர்ரியின் பேரினமாகிய வேக்சினியத்தைச் சேர்ந்த சிறுமரங்கள் நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் உள்ளன. நமக்கு மிக அருகில் இருக்கும் உறவு அதுதான்.

ஆனால் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சொந்தமான கரும்பழங்கள் இருக்கின்றன. புத்துப்பட்டு, திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய ஊர்களின் கோயிற்காடுகளில் இன்றும் எஞ்சியிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டில் காயா என்ற சிறுமரம் ஏராளமாக உண்டு. திருமாலுக்குக் காயாம்பூ வண்ணன் என்ற பெயரைத் தந்த நீலப்பூ அதனுடையதே. அதன் பழம் பட்டாணியளவு, கருப்பு நிறம். உச்சியில் சிறு கிரீடம் போன்ற வளையம் இருப்பதால் உங்கள் மகளுக்குக் காட்டினால் புளூபெர்ரி என்றே நினைத்துவிடக்கூடும். நன்கு பழுத்ததைச் சிறுவர்கள் தின்பதுண்டு. சதை குறைவு, துவர்ப்பு மிகுதி, சேமிக்குமளவுக்கு அதில் ஒன்றுமில்லை. கோயிற்காட்டில் பழம் பறிக்கக்கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். அந்த மரங்கள் பரவுவது பறவைகள் உண்ணும் பழத்தால்தான். எனவே சேமிப்புக்கென்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை தோப்பிலும் வேலியிலும் உள்ள நாவலும் களாவும்.

ஓர் எச்சரிக்கை. அதே காட்டோரங்களில் எட்டியும் குன்றிமணியும் வளர்கின்றன. இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. உண்ணிச்செடியின் பச்சைக்காயும் தீங்கானது. ஊரில் தலைமுறையாகத் தின்றுவரும் பழம் எது என்று அறிந்த பெரியவர் ஒருவர் உடனில்லாமல் குழந்தைகளைப் பழம் பொறுக்க அனுப்ப வேண்டாம்.

இனி நாவலுக்கு வருகிறேன். நாவல் மரத்தில் கிடைப்பதில் பாதியைப் பறிக்கும் முறையிலேயே இழந்துவிடுகிறோம். ஒரே மரத்தில், ஏன் ஒரே கொத்தில், பச்சையும் செவ்வூதாவும் கருப்பும் ஒன்றாக இருக்கும். மாவைப்போலவோ சப்போட்டாவைப்போலவோ பறித்து வைத்துப் பழுக்கவைக்கும் பழம் அன்று அது. செவ்வூதாவில் பறித்தது துவர்ப்போடுதான் நிற்கும். புளூபெர்ரியும் அப்படித்தான், செடியை விட்டு வந்த பிறகு நிறம் சற்று மாறலாம், இனிப்பு அதிகரிக்காது. ஆகவே ஒரு மரத்தில் ஏறக்குறைய ஒரு மாதம், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, கறுத்ததை மட்டும் எடுக்க வேண்டும். கிளையை உலுக்கினால் கறுத்தது மட்டும் விழும் என்பது உண்மைதான். எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையைக் கேட்ட கதையில், மணல் ஒட்டிய பழத்தை ஊதித் தின்ன நேர்ந்ததை நாம் சொற்சாதுரியமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். நாவல் சேமிப்பவனுக்கு அதில் வேறொரு செய்தி உண்டு. தோல் கிழியாத உலர்ந்த நாவலில் மணல் தங்காது, தட்டினால் உதிர்ந்துவிடும். ஒட்டிய மணல் அங்கே சாறு கசிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஊதித் தின்ன அது போதும். எடுத்து வைக்க உதவாது. எனவே மரத்தடியில் பழைய புடவையையோ கொசுவலையையோ நால்வர் இடுப்புயரத்தில் விரித்துப் பிடிக்க, ஒருவர் தொரட்டியால் கொத்தை மெல்ல அசைக்க வேண்டும். தரையில் தார்ப்பாய் விரிப்பதைவிட, பிடித்த துணியில் விழும் பழத்துக்கு அடி மிகக் குறைவு. மரத்தில் ஏற வேண்டாம். நாவல் கிளை பருத்திருந்தாலும் நொறுங்கும் தன்மையுடையது. பழம் பறிக்க ஏறி விழுந்தவரைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் நம் பக்கத்தில் இருக்காது.

பறிக்கும் நேரம் விடியற்காலை. நோவா ஸ்கோஷியாவின் ஆகஸ்டு நமக்கு மார்கழியைப் போன்றது. அங்கே பழம் குளிர்ந்தே கைக்கு வருகிறது. நமக்கு ஆனியிலும் ஆடியிலும் காலை 9 மணிக்கே பழம் சூடேறிவிடும். சூடான பழத்தைக் கூடையில் குவித்தால் குவியலின் நடுவே வெப்பம் தங்கி, வீடு வந்து சேர்வதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்து, அகலமான கூடையில் நாவல் இலையையே பரப்பி, நான்கு விரற்கடை உயரத்துக்கு மேல் குவிக்காமல், நிழலில் கொண்டுவாருங்கள். மழை பெய்த மறுநாள் பறிப்பதைத் தவிர்ப்பது நல்லது. நீரை உறிஞ்சிய பழம் தோல் வெடித்திருக்கும். வௌவாலோ அணிலோ கடித்த தடம் உள்ள பழத்தை, கடித்த இடத்தை வெட்டிவிட்டு உண்ணலாம் என்று எண்ணாமல், முழுவதுமாக எறிந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முறத்தில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் ஆறவிட்டுப் பிரித்தெடுங்கள். காம்புப் பக்கம் உலர்ந்து, தோல் முழுமையாக உள்ளவற்றைக் கழுவாமல், துளையிட்ட பையிலோ பருத்தித்துணி விரித்த மூடாத தட்டிலோ குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாட்கள், நல்ல பழமானால் ஒரு வாரம் நிற்கும். வெளியில் வைத்தால் இரண்டு நாட்கள்கூட நிற்பது அரிது. உண்ணும் வேளையில், ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்து அதில் கால்மணி நேரம் ஊறவிட்டால், பழ ஈயின் வெண்புழு உள்ளே இருந்தால் வெளியேறிவிடும். துவர்ப்பும் சற்றுத் தணியும். நம் சாலையோரக் கடைகளில் உப்புத் தூவிக் கொடுக்கும் பழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டது என்று நான் நினைக்கவில்லை.

நீண்ட நாள் சேமிப்புக்கு நாவலை முழுப்பழமாக உறைய வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. செய்ய முடியாததில்லை, பாதி உறைந்த நிலையிலேயே தின்றால் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் உருகியதும் தோல் தளர்ந்து, சாறு கசிந்து, பழம் குழைந்துவிடும். பெரிய கொட்டையோ ஃப்ரீசரின் இடத்தை வீணாக அடைத்துக்கொள்ளும். சதையாக்கி வைப்பதே சரியான வழி. உப்புநீரில் ஊறிய பழத்தை நல்ல நீரில் அலசி, எவர்சில்வர் பாத்திரத்தில் கையால் பிசைந்து, கொட்டைகளை அகற்றிவிட்டு, ஆவி பறக்கும்வரை மட்டும் இளந்தீயில் சூடாக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. அந்தச் சூட்டில்தான் தோலிலுள்ள நிறம் முழுவதும் சாற்றில் இறங்கும். வடிகட்டி ஆறவைத்து ஐஸ் தட்டுகளில் உறைய வைத்துப் பிறகு கட்டிகளைப் பையில் சேர்த்துவிடலாம். உறையும்போது நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால், டப்பாவில் ஊற்றுவதானால் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். இரும்புச் சட்டியையும் அலுமினியத்தையும் தவிர்க்கவும். நாவலின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் சாறு மையைப்போல் கறுத்துவிடும்.

சர்பத்தாகக் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பவர்களுக்கு ஒரு சொல். பழச்சாறு கெடாமலிருக்கப் பொதுவாகச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை நாவலில் சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு, நாவலுக்கும் புளூபெர்ரிக்கும் பொதுவான அந்த ஊதா நிறமியை வெளுக்கச் செய்துவிடும். நிறமுள்ள சாறுகளுக்குச் சோடியம் பென்சோயேட்டைப் பயன்படுத்துவது அதனால்தான். வீட்டுத் தேவைக்கு இரண்டும் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஃப்ரீசரை நம்புவதில் நமக்கு இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, பழைய ஒற்றைக்கதவுப் பெட்டிகளின் ஐஸ் அறை பல வீடுகளில் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிவரை இறங்குவதில்லை. அதில் வைத்த சதையை இரண்டு மூன்று மாதங்களில் தீர்த்துவிடுவது நல்லது. இரண்டாவது புயல். ஆனியில் சேர்த்ததை நாம் எடுக்கத் தொடங்கும் கார்த்திகை, மார்கழியில்தான் வங்கக்கடல் நம்மைச் சோதிக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டில் இருந்த சதை முழுவதும் மின்சாரமில்லாத இரண்டாவது வாரத்தில் குப்பைக்குப் போயிற்று; பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் அதை இழப்பு என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது முன்னெச்சரிக்கையாக இருந்தேன். நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் உறைநிலை தாங்கும். பாதி நிரம்பியது அதில் பாதி நேரமே தாங்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் காலியிடங்களில் நீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து உறையவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் வராது என்று தெரிந்தால், கேஸ் அடுப்பில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி ஜாம் ஆக்கிவிடுங்கள்.

களா இத்தனை பாடு படுத்துவதில்லை. தோல் கெட்டி, புளிப்பு மிகுதி, காய் முதல் பழம்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பயன். முந்திரித் தோப்புகளின் உயிர்வேலியாக அது நிற்பதால், தோப்பில் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு பறியுங்கள். இரட்டை முள்ளுக்குத் தடித்த கையுறையும், பாலின் பிசுபிசுப்புக்கு விரல்களில் தேங்காயெண்ணெயும் உதவும். பச்சையும் இளஞ்சிவப்புமாக உள்ள காயை ஊறுகாய்க்கு எடுக்கலாம். உப்புநீரில் ஊறவைத்துப் பாலை நீக்கி, பிளந்து விதையெடுத்து, உப்பிட்டு ஜாடியில் இரண்டு நாள் குலுக்கி, நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் கார்த்திகை மழைக்கும் மின்வெட்டுக்கும் அஞ்சாத வற்றல் கிடைக்கும். பழத்தோடு ஒரு பங்கு செங்காயையும் சேர்த்துக் காய்ச்சினால் ஜாம் தானாகவே இறுகும். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் என்ற பொருள் களாவில் அவ்வளவு உண்டு.

கறுத்த களாப்பழத்தைத்தான் புளூபெர்ரி முறையில் உறைய வைக்கலாம். முக்கிய வேறுபாடு: களாவில் காம்பை எடுத்ததும் பால் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்வதால், இதை மட்டும் கழுவியே ஆகவேண்டும். கழுவியபின் துணியில் ஒற்றி, மின்விசிறிக்கடியில் இரண்டு மணி நேரம் ஈரமே இல்லாமல் உலர்த்தி, இரண்டாகப் பிளந்து விதை நீக்கி, தட்டில் ஒரே அடுக்காக உறைய வைத்துப் பையில் கட்டுங்கள். தயிரிலும் சட்னியிலும் மீன் குழம்பிலும் நேராக அப்படியே போடலாம்.

இப்போது உங்கள் பெட்டியில் இருப்பவற்றைப் பற்றி. பூஞ்சை பிடித்த நாவல் டப்பாவில் மேலாகப் பார்த்து நல்லதாகத் தோன்றும் பழத்தையும் எடுக்காதீர்கள். சாறு கசிந்த டப்பாவில் எல்லாம் கலந்திருக்கும். ஆனால் கொட்டைகளைக் கழுவி உடனே தொட்டியில் ஊன்றிவிடுங்கள். நாவல் விதை காயக்காய முளைப்புத் திறனை விரைவாக இழக்கும், இரண்டு வாரம் கடந்தால் பெரும்பாலும் முளைக்காது. களாவை இன்றே வெளியில் எடுத்து, மென்மையானவற்றை ஜாமுக்கும் கெட்டியானவற்றை உறைய வைப்பதற்கும் பிரித்து, டப்பாவின் அடியில் தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, மாலைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.